ஆயாக் கொட்டகையில் என் கதை

3 ஜூன் 1952, செவ்வாய்

பத்தாம் அத்தியாயம் போய்விட்டது. தோட்டத்து லாரியில், தபால் பைக்குள், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து முன்னால் ஒரு கவச வண்டியோடு. என் வாக்கியங்களுக்கு இவ்வளவு காவல்!

உறை மேல் பட்டணத்துப் பக்கம் பாச்சாங்கில் இருக்கும் என் சிநேகிதி சாந்தியின் முகவரி. அவள் பிரித்து, உள்ளே இருக்கும் இன்னொரு உறையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாள். ஞாயிறு மலரில் அச்சாகித் திங்கள் பிற்பகல் இங்கே வரும். அப்பா அதில் ரப்பர் விலை பார்ப்பார். அடுத்த பக்கத்தில் மகள் இருப்பது அவருக்குத் தெரியாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகள் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறாள் என்றால் — வேண்டாம். 'சேய்மை' என்று ஒரு புனைபெயர். ஆசிரியர்கூட 'அன்புள்ள ஐயா' என்றுதான் எழுதுகிறார்.

ஒரு பெண். பெயர் இல்லை. விடியலில் அவள் கணவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகு எதுவும் நடப்பதில்லை. அவள் இருக்கிறாள். இதுதான் நாவல்.

சிங்கப்பூரில் மூன்று வருடம் படித்ததெல்லாம் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருக்கிறதா?

5 ஜூன்

மரங்களுக்கு நடுவே வெளிச்சம், கண்ணாடிக் குவளையில் தேநீர் போல. எழுதிவிட்டு வெட்கப்பட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

9 ஜூன், திங்கள்

துணி துவைக்க வரும் மீனம்மாக்கா இன்று நேரம் கழித்து வந்தார். வந்தும் சோப்பைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா விசேஷம்?"

"பவளத்து புருஷன் கடுதாசி போட்டுட்டான் சின்னம்மா!"

"எந்தப் பவளம்? கீழ் லயத்திலயா?"

"ஐயோ, கதைலா! ஞாயித்துக்கெழமை பேப்பர்ல வருதுல்ல. விடியக்காலையில லாரியில ஏத்திக்கிட்டுப் போறாங்களே, அவன். பத்து வாரமா அழுதுட்டுக் கெடந்தா, பாவம். இன்னைக்குத்தான் வந்திச்சு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை மூடவில்லை.

"என்ன எழுதியிருந்தான்?"

"அங்க கஞ்சியில உப்பே போட மாட்டேங்கிறாங்களாம். வேற என்ன எழுதுவான்? எழுதினா மாத்தாப் போலீஸ்காரன் விடுவானா? கோடு போட்டு அழிச்சிருவான்லா."

என் கதையில் அந்த மனிதன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

10 ஜூன்

பத்து அத்தியாயங்களையும் தரையில் பரப்பினேன். பவளம் இல்லை. கடிதம் இல்லை. பத்தாவதில் ஒரு வாளி மழைநீரால் நிரம்புகிறது. அது மட்டும்தான்.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, பேப்பரெல்லாம் நிலத்தில விரிச்சு வைச்சுக்கொண்டு? வடகம் காயப் போடப் போறியோ?"

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோட்டத்துப் பெண்கள் யாரும் பத்திரிகை படிப்பதில்லை, கேட்கிறார்கள். வெட்டிய ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை எடுக்க ஆயாக் கொட்டகைக்கு வரும்போது ஆயா ஜானகி வாசிக்கிறாள். திங்கள் தோறும், இரண்டு மணிக்கு.

அப்படியென்றால் அவள் எதை வாசிக்கிறாள்?

14 ஜூன், சனி

படம் காட்டும் அரசாங்க வேன் வந்தது. கம்பி வேலிக்குள், பந்தடிக்கும் திடலில், அந்தி மங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். காட்டிலிருந்து வந்து சரணடைகிற ஒருவனின் கதை. அவனுக்குத் தேநீர் கொடுக்கிறார்கள், பிஸ்கட் கொடுக்கிறார்கள்.

வேலை மேய்க்கும் சாமிநாதன் தண்டலுக்கு வெள்ளித்திரையோடு சத்தமாகப் பேசாமல் படம் பார்க்கத் தெரியாது. "மூணு வருசமாக் காட்டுல கெடந்தவன் சட்டையில ஒரு அழுக்கு இல்லையே! உள்ள டோபி வச்சிருந்தானா?" திடல் முழுவதும் சிரித்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரரும் யாரிடமோ அர்த்தம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு தமிழ்ப் படத்திலிருந்து இரண்டு சுருள்கள். நடுவிலிருந்து. தொடக்கம் இல்லை, முடிவு இல்லை. நான் மட்டும் அதை ரசித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யாரும் குறை சொல்லவில்லை. திடலிலிருந்து லயத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடக்கத்தையும் முடிவையும் பேசி முடித்துவிட்டார்கள். தூரத்தில் அந்தக் குரல்கள். கட்டிலில் படுத்தபடி, அந்தக் கதையில் கலியாணம் வரைக்கும் கேட்டேன்.

16 ஜூன், திங்கள்

போனேன்.

கொட்டகைக்குள் இருபது தூளிகள். சேலைத் துணியில் கட்டியவை. காற்றில் தாமாகவே கொஞ்சம் ஆடுகின்றன. புளித்த பால் வாடை, எல்லாருடைய உடம்பிலிருந்தும். வெளியே சாமிநாதன் தண்டல், அரை மணி நேரமாகச் சைக்கிள் சங்கிலி மாட்டுகிறார். ஆண்கள் கதை கேட்பதில்லை அல்லவா!

நான் பின்பக்கத் தட்டியோரம் நின்றேன்.

ஜானகிக்கு என் வயதுதான் இருக்கும். பத்திரிகையை முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடிக்கிறாள். கண் வரி வரியாக ஓடுகிறது. வரி முடிவில் ஒரு சிறு நிறுத்தம். எல்லாம் சரியாக இருக்கிறது. வார்த்தைகள் மட்டும் என்னுடையவை இல்லை.

நான் எழுதியிருந்தது: 'மழை. சுவர். மழை.'

அவள் வாசித்தது: "பவளம் அரிசியக் களைஞ்சா. மூத்தவன் வந்து, 'யம்மா, அப்பாவுக்கும் சேத்து வைம்மா'ன்னான். அவ ஒரு பிடி கூடப் போட்டா."

என் கதாநாயகிக்குக் குழந்தைகளே கிடையாது. இங்கே இரண்டு பேர். மூத்தவனுக்கு மூக்கு ஒழுகுகிறது.

"மாமியாக்காரி என்ன ஆனா?" என்று ஒருத்தி கேட்டாள். "இரு, அதான் வருது," என்று ஜானகி பக்கத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தில் சைக்கிள் விளம்பரம்.

தூணில் சாய்ந்து ஒருத்தி. மடியில் சின்னப் பெண் குழந்தை. எல்லாரும் பேச, அவள் மட்டும் பேசவில்லை. முடிவில்தான்: "ஜானகி, அந்த லாரிய இன்னொருக்கா சொல்லு."

ஜானகி பத்திரிகையை மடித்துவிட்டாள். மனப்பாடமாகச் சொன்னாள். 'சத்தம் முதலில் வந்தது. வெளிச்சம் பிறகு வந்தது. நாய்கள் குரைக்கவில்லை. லாரி நின்ற பிறகும் அதன் நடுக்கம் தரையில் இருந்தது.'

அது என்னுடையது. எழுத்துக்கு எழுத்து. அந்த ஒரு பத்தியை அவள் மாற்றவில்லை.

"உள்ள இருந்தவன்தான் இத எழுதுறான்," என்றாள் தூணோரத்தில் இருந்தவள். "இல்லாட்டி இப்படிச் சொல்ல வராது."

பெயர் குஞ்சம்மா. பக்கத்தில் நின்ற மீனம்மாக்கா காதில் சொன்னார்: "மணியத்து பெண்டாட்டி. போன வருசம் புடிச்சுட்டுப் போனாங்கல்ல."

எனக்குத் தெரியும். போன வருடம் ஏப்ரலில் விடுமுறைக்கு வந்திருந்தேன். விடியலில் சத்தம் கேட்டு எழுந்து ஜன்னலில் நின்றேன். கீழே லயத்து முன்னால் ஒரு லாரி. மரத்தடியில் காட்டுக்காரர்களுக்கு அரிசி வைத்தான் என்று ஒருவனை ஏற்றினார்கள். நான் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அழகாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அவன் யார் என்று அப்போது கேட்கவில்லை.

17 ஜூன்

ஜானகியிடம் பேசினேன். பகலில், கொட்டகையில் அவளும் குழந்தைகளும் மட்டும் இருக்கும்போது. கையில் பத்திரிகையோடு நான் வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கிராணி ஐயாட்ட சொல்லிராதீங்க சின்னம்மா. நான் மொத மூணு வாரம் உள்ளத உள்ளபடிதான் வாசிச்சேன். சத்தியமா."

"பிறகு?"

"பிறகென்ன, ஒண்ணுமே நடக்கல. ஒரு வாரம் பூரா அவ செவத்தப் பாக்குறா. அடுத்த வாரம் செவரு அவளப் பாக்குது. பொம்பளைங்க புள்ளையத் தூக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க." தூளி ஒன்றைக் காலால் ஆட்டினாள். "விடியக்காலம் அஞ்சு மணியிலேர்ந்து இந்த இருவது பேரோடதான் சின்னம்மா நான் பேசுறது. ஒண்ணும் பதில் சொல்லாதுங்க. அவங்க கொஞ்ச நேரம் ஒக்காரட்டுமேன்னுதான்…"

"லாரியை ஏன் மாற்றவில்லை?"

அவள் யோசித்தாள். "அது சரியா இருந்துச்சுலா."

நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. ஏன்? கோபமா? இல்லை. ஆறு மணிக்கு வேலிக் கதவு பூட்டுகிறவரை வெளியே நடந்துகொண்டிருந்தேன். செவத்தப் பாக்குறா. செவரு அவளப் பாக்குது. ஒரு விமர்சகர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

20 ஜூன், வெள்ளி

சாப்பாட்டில் அப்பா சொன்னார்: "மணியத்தை இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்களாம். காகிதம் வந்திருக்கு."

அம்மா கறிச் சட்டியைக் கீழே வைத்தார். "பெண்சாதி பிள்ளையள்?"

"விருப்பமெண்டால் கூடப் போகலாமாம். ஜூலை பன்னிரண்டுக்கு முன்னம் பதில் வேணும். போனால் போனதுதான். திரும்பி வர விடமாட்டாங்கள்."

"அவ என்ன சொன்னா?" என்றேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. காகிதத்தை மடிச்சு இடுப்பில செருகிக்கொண்டு போயிட்டா."

குஞ்சம்மா இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். கடலைப் பார்த்ததில்லை. மணியத்தின் ஊர் சேலத்துப் பக்கம் எங்கோ. அங்கே யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பிள்ளைகள். போகாவிட்டால் புருஷனை இனிப் பார்க்க முடியாது. போனால் வேறு எதையும் பார்க்க முடியாது.

அப்பா கை கழுவியபடியே சொன்னார்: "நீ உதுக்குள்ள தலையைப் போடாதை பிள்ளை."

23 ஜூன், திங்கள்

ஜானகி என்ன செய்துவிட்டாள்!

இன்று வாசித்தாள்: பவளத்துக்கு ஒரு காகிதம் வருகிறது. புருஷனைக் கப்பலேற்றப் போகிறார்கள். கூடப் போகிறாயா, இருக்கிறாயா?

கொட்டகை இரண்டாகப் பிளந்துவிட்டது. "போகணும்லா, கட்டின புருஷன்!" "போயி? அங்க என்ன பால்மரமா இருக்கு வெட்ட?" "புள்ளைங்க படிப்பு?" "இங்க என்ன கிழிக்குதுங்க?" சாமிநாதன் தண்டல் சைக்கிளை விட்டுவிட்டு உள்ளேயே வந்துவிட்டார். "ரொம்ப சூசாவான, கஷ்டமான கேள்வி இது," என்றார். மூன்று மணிக்கு ஒருத்தி அழுதாள். மற்றவள் பாத்திரத்தை உதைத்துவிட்டுப் போனாள். எல்லாரும் பவளத்தைப் பற்றித்தான் பேசினார்கள். குஞ்சம்மாவை யாரும் பார்க்கவில்லை, பார்த்துவிடாமல் கவனமாக இருந்தார்கள்.

கடைசியில் குஞ்சம்மா எழுந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றினாள்.

"சண்ட போடாதீங்க. எழுதுறவன் உள்ள இருந்து வந்தவன். அவனுக்குத் தெரியும். பவளம் என்ன பண்றாளோ அதான் நானும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜானகி பத்திரிகையைக் கீழே வைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

24 ஜூன்

சொல்லிவிட்டேன்.

ஜானகி முதலில் பயந்தாள். எழுந்து நின்றாள். 'அம்மா' என்றாள், 'சின்னம்மா' கூட இல்லை. பிறகு உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கேள்வி:

"அப்ப ஏன் அவ சோறே திங்கல?"

"யார்?"

"பவளம். பன்னெண்டு வாரமா அவ ஒரு வாய் சோறு தின்னு நான் பாக்கல. நான்தான் ரெண்டு தடவ கஞ்சி ஊத்தினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஒரு குழந்தை விழித்துக்கொண்டது. மாறி மாறி ஆட்டினோம்.

பிறகு அவள் மெதுவாக: "அவங்க ஒண்ணா கூடிப் பேசினா குஞ்சு எதாச்சும் முடிவு பண்ணுவாளேன்னு நெனச்சேன். என் தலையிலயே வந்து விழுந்துருச்சு. நான் என்னன்னு வாசிப்பேன்? போன்னா? இருன்னா? நீங்களே சொல்லுங்க. எழுதினவங்க நீங்கதான்."

என் நாவலில் முடிவு இல்லை. கடைசி அத்தியாயத்தில் ஒரு கதவு பாதி திறந்திருக்கும் என்று திட்டமிட்டிருந்தேன்.

பாதி திறந்த கதவை வைத்துக்கொண்டு குஞ்சம்மா என்ன செய்வாள்?

27 ஜூன்

பவளம் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். நாங்கள் இருவரும். ஜானகிக்குக் குஞ்சம்மாதான் ஒரே சிநேகிதி, அதனால். எனக்கு? அது பத்திரமான முடிவு என்று தோன்றியது. தெரியாத ஊருக்கு இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண்ணை அனுப்பிவைக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் அவள் நம்பவேண்டும். அச்சில் வரவேண்டும். ஜானகி ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது.

29 ஜூன், ஞாயிறு

மூன்று நாள் பகலில் கொட்டகையில் எழுதினோம். நான் வாக்கியம் சொல்வேன். ஜானகி தூளியை நிறுத்தினால் அது வேண்டாம் என்று அர்த்தம்.

"'மௌனத்தின் விளிம்பில் அவள்—'"

தூளி நின்றது.

"அவள் அடுப்பைப் பார்த்தாள்."

தூளி ஆடியது.

இப்படி ஒரு அத்தியாயம். பவளம் மூத்தவனின் சிலேட்டைத் துடைக்கிறாள். அவளுடைய அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போய்ப் புல் பிடுங்குகிறாள். அங்கே போனால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பாள் என்று நினைக்கிறாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை இல்லை, அவள் நடப்பது மட்டும்.

நான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான். இதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

30 ஜூன், திங்கள்

இந்த வாரம் அச்சில் வந்தது பழைய அத்தியாயம். ஜானகி சமாளித்துவிட்டாள்: பவளத்துக்குக் காய்ச்சல், இன்னும் யோசிக்கவில்லை.

"அடுத்த வாரம் எந்திரிச்சுருவாளா?" என்று குஞ்சம்மா கேட்டாளாம்.

1 ஜூலை

அனுப்பிவிட்டேன். லாரி போன பிறகு கொஞ்சம் தூரம் பின்னாலேயே நடந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

7 ஜூலை, திங்கள்

இன்று தட்டிக்குப் பின்னால் நிற்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். கிராணி மகள் தரையில் உட்காரலாமா என்று ஒரு சலசலப்பு. மீனம்மாக்கா சாக்கு ஒன்றை விரித்தார்.

ஜானகி வாசித்தாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக, விரலை வைத்து. அந்த முதல் மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் அவளுடைய கண்ணும் வாயும் ஒரே வரியில் இருந்தன.

புல் பிடுங்கும் இடத்தில் இரண்டு பேர் அழுதார்கள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் ஒரு பெருமூச்சு, கொட்டகை முழுவதும். "இதான்லா சரி," என்றார் மீனம்மாக்கா. "புத்தியுள்ளவ." போகணும் என்று அன்று கத்தியவள்கூடத் தலையாட்டினாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஜானகி என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டாள்.

குஞ்சம்மா குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். பிறகு:

"நல்லாத்தான் எழுதியிருக்கான்."

"பின்ன?" என்றார் மீனம்மாக்கா.

"ஆனா பவளத்துக்கு அவ புருஷன் மேல ஆச இல்ல."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"புள்ளைங்க படிப்ப நெனச்சா. அம்மா குழிய நெனச்சா. அடுப்ப நெனச்சா. அவன் மொகத்த ஒருக்காகூட நெனக்கலையே. இத்தன வாரமா அவன எங்கயாச்சும் நெனச்சாளா? அழுதா. அழுகுறது வேற. எழுதினவனுக்கு அது தெரியல."

"அப்படின்னா நீ எழுதேன்லா," என்றார் சாமிநாதன் தண்டல், வாசலிலிருந்து.

"எனக்குக் கைநாட்டுதான் அண்ணே தெரியும்." குழந்தையைத் தூக்கினாள். "பவளம் இருக்கட்டும். அவளுக்கு அது சரி. நான் போறேன்."

லயத்துக்குத்தான் போகிறாள் என்று முதலில் நினைத்தோம்.

8 ஜூலை

குஞ்சம்மா சமையலறைப் பக்கம் வந்தாள். இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்தாள். வியர்வையில் மடிப்புகள் கிழிந்திருந்தன.

"கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னால ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க சின்னம்மா. உள்ளத உள்ளபடி."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். திரும்பி வர அனுமதி இல்லை என்ற வரியை இரண்டு தடவை. எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

பிறகு என்னால் முடியவில்லை. "அந்தக் கதையை எழுதினது நான்," என்றேன்.

"நீங்களா? போங்க சின்னம்மா."

"சத்தியமா."

என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மறுபடி என் முகம்.

"அப்ப லாரி?"

"இங்கேயிருந்து பார்த்தேன். அந்த ஜன்னல்."

ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் வரை போய் நின்று கீழே லயத்தைப் பார்த்தாள். எவ்வளவு தூரம் என்று அளக்கிறவள் போல.

"நான் பாக்கல," என்றாள். "புள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள போயிருச்சு. ஏறும்போது விழுந்தாருன்னு சொன்னாங்க. விழுந்தாரா?"

"விழுந்தார்."

"கதையில அது இல்லையே."

இல்லை. எழுதி, அடித்துவிட்டிருந்தேன். மிகையாக இருக்கும் என்று. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"யாரும் தூக்கி விட்டாங்களா? தானா எந்திரிச்சாரா?"

"தானாகத்தான் எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டார். பிறகு லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம். அவர்கள் தள்ளின பிறகுதான் ஏறினார்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையைத் துடைப்பது போல. பிறகு காகிதத்தை வாங்கிக்கொண்டு அப்பாவின் ஆபீஸ் பக்கம் நடந்தாள்.

9 ஜூலை

அப்பா: "குஞ்சம்மா கைநாட்டு வைச்சிட்டா." பிறகு: "நீதான் வாசிச்சுக் காட்டினியாம்."

"ஓம் அப்பா."

அவர் உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளினார்.

13 ஜூலை, ஞாயிறு

கடைசி அத்தியாயம் இன்று அச்சாகியிருக்கும். நாலே பத்தி. ஜானகி சொன்னதற்காக அதில் பவளம் சாப்பிடுகிறாள். கீழே 'முற்றும்'.

18 ஜூலை

சாந்தி மூலம் ஆசிரியரின் கடிதம். கூடவே அலோர் காஜாவிலிருந்து ஒரு வாசகரின் கருத்து, பச்சை மையில்: 'தொடக்கத்தில் இருந்த கனவு நடை கடைசி இரண்டு வாரங்களில் காணவில்லை. யாரோ சமையற்காரி எழுதியது போல் உள்ளது. வருந்துகிறேன்.'

ஜானகிக்கு வாசித்துக் காட்டினேன். "சமையக்காரியா? ஆயான்னு சொல்லுங்க அவருக்கு," என்றாள்.

29 ஜூலை, செவ்வாய்

குஞ்சம்மா போய்விட்டாள். தபால் போகும் அதே லாரி. தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று, இரண்டு பிள்ளைகள். பையன் புதுச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான். நான் ஜன்னலில் நிற்கவில்லை. வேலிக் கதவுக்குப் போனேன். சோதனை போடும் பெண் பாயை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி நன்றாகவே சுருட்டிக் கொடுத்தாள்.

"வரேன் சின்னம்மா," என்றாள் குஞ்சம்மா. பழக்கத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு இருவருக்கும் அது கேட்டது.

ஜானகி வரவில்லை. இருபது குழந்தைகளை விட்டுவிட்டு எப்படி வருவாள்?

30 ஜூலை

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. காற்று மட்டும்.

5 ஆகஸ்ட்

வேலை உத்தரவு வந்துவிட்டது. செப்டம்பர் முதல் அலோர் காஜாவில் ஆசிரியை. அம்மா அதற்குள் சேலை அடுக்குகிறார்.

11 ஆகஸ்ட், திங்கள்

ரப்பர் விதை வெடிக்கும் காலம். டக், டக் என்று காடு முழுவதும். காவலுக்கு வந்திருக்கும் புதுப் பையன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறான்.

இரண்டு மணிக்குத் தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் போனேன். கதை முடிந்து ஒரு மாதமாகிறது. ஆனாலும் கொட்டகை நிறைய ஆட்கள். வாளிகள் வெளியே வரிசையாக. வாசலில் சைக்கிள்.

ஜானகி நேற்றைய பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். ரப்பர் விலைப் பக்கம். கண் வரி வரியாக ஓடியது.

"…கப்பல் பெருசு. நம்ம பால் ஸ்டோரு மாதிரி நாப்பது. பவளத்துக்கு மேல் தட்டுல எடம் இல்ல, கீழதான். அவ புருஷன அங்கதான் பாத்தா. எளைச்சுப் போயிருந்தாரு. ஒண்ணும் பேசல ரெண்டு பேரும். அவ அவரு மொகத்தையே பாத்துட்டிருந்தா."

அவள் நிறுத்தினாள், பக்கத்தைத் திருப்ப. யாரும் அசையவில்லை. சாக்கில் எனக்கு இடம் விட்டு மீனம்மாக்கா நகர்ந்தார். உட்கார்ந்தேன். அடுத்த வரி எனக்குத் தெரியாது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொண்டதா?"

ஜானகி பத்திரிகையைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"மூத்தவனுக்குத்தான் ரெண்டு நாளா வாந்தி. இப்ப பரவால்ல. கஞ்சி குடிக்கிறான்."